கழுவக் கழுவப் புதுசு

செப்டம்பர் 3, புதன்

ஆயில் பில்டர் வந்துவிட்டது. மதுரையிலிருந்து கூரியரில். கையில் எடுத்துப் பார்த்தால் குட்டி எவர்சில்வர் தம்ளர் மாதிரி இருக்கிறது, சுற்றிலும் நுணுக்கமான சல்லடை. அட்டைப் பெட்டியிலேயே கொட்டை எழுத்தில் அச்சடித்திருக்கிறான்: 'கழுவக் கழுவப் புதுசு.' விலையை இங்கே எழுதப் போவதில்லை. செல்லக்கனி என்றைக்காவது இந்த டைரியைப் புரட்டினால் வீடு இரண்டாகிவிடும்.

யோசிக்காமல் எதையும் வாங்குகிறவன் இல்லை நான். புளியங்குடியில் வேன் வைத்திருக்கிற அத்தனை பேரும் என்ன செய்கிறார்கள்? ஆயில் மாற்றும்போதெல்லாம் பழைய தாள் பில்டரைக் கழற்றி வீசுகிறார்கள், புதிது வாங்கி மாட்டுகிறார்கள், அதையும் வீசுகிறார்கள். இத்தனை வருஷமாக நானும் வீசிக்கொண்டுதான் இருந்தேன். இது அப்படியில்லை. எஃகுச் சல்லடை. கழற்று, கழுவு, மாட்டு. வண்டி இருக்கிற வரைக்கும் இதுவும் இருக்கும்.

முப்பிடாதிதான் முகத்தைச் சுளித்தான். செல்லக்கனியின் தம்பி. எங்கள் வீட்டு மாடி அறையில்தான் இருக்கிறான். நான் வேன் வாங்கிய நாளிலிருந்து அவன்தான் டிரைவர்.

"அத்தான், தாள் பில்டர்னா அழுக்கோட சேத்து வீசிப்புடலாம். இதுல அழுக்க நாமதான் எடுக்கணும். சுத்தமா எடுத்தமா இல்லையான்னு கண்ணுக்கே தெரியாது."

"ஏல, வேட்டி அழுக்காச்சுன்னா வீசிப்புட்டுப் புதுசா எடுக்க? தொவைச்சுத்தான உடுத்துத?"

"வேட்டியில பொத்தல் விழுந்தா தெரியும் அத்தான்."

இவனுக்கு எதற்கும் ஒரு பதில் உண்டு. மாடிக்குப் போகச் சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

மைதீன் பாய் பட்டறையில் பில்டரை மாட்டியாயிற்று. அவருக்கும் முழு மனசில்லை.

"சாமான் நல்ல சாமான்தான் அண்ணாச்சி. குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா கழுவுதவன் கை சுத்தமா இருக்கணும். புது டீசல்ல முக்கணும், உள்ளேருந்து வெளிய காத்தடிக்கணும், தூசி படாமக் காய வைக்கணும். ஓடுத வண்டிக்கு இவ்வளவு பொறுமையா யாரு செய்வா?"

"நான் செய்வேன்" என்றேன்.

அவர் சிரித்தார். தாள் பில்டர் விற்றுப் பிழைக்கிறவர் வேறு எப்படிச் சிரிப்பார்?

முந்தின நாள் அதை வீட்டில் மேஜைமேல் வைத்திருந்தபோது செல்லக்கனி எடுத்துப் பார்த்து, "டீ வடிகட்டியா? எம்புட்டு அழகா இருக்கு" என்றாள். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

செப்டம்பர் 14, ஞாயிறு

நல்ல நாள். சுரண்டைக்குப் போய் முப்பிடாதிக்குப் பெண் பார்த்துவிட்டு வந்தோம். பெயர் இந்துமதி, பி.காம். படித்திருக்கிறாள், ஒரு நிதி நிறுவனத்தில் வேலை. அப்பா சங்கரபாண்டியன் அரிசி வியாபாரி. 'டிரைவரா?' என்று கேட்டே இதுவரை மூன்று இடம் தட்டிப்போனது. இது தட்டவில்லை.

பெண்ணின் அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பையன் தண்ணி கிண்ணி உண்டுமாவே? மறைக்காமச் சொல்லும். ஒரே பொண்ணு" என்றார்.

"அண்ணாச்சி, அவன் டீயே ரெண்டாவது தம்ளர் கேக்க மாட்டான். நான் சொல்லுதேன். என் வார்த்தைக்கு மேல என்ன வேணும்?"

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஐப்பசி கடைசியில் நிச்சயம், தையில் கல்யாணம். திரும்பி வரும்போது வேனில் செல்லக்கனி அழுதுகொண்டே வந்தாள். அம்மா இல்லாத தம்பி, இவள்தான் வளர்த்தாள். முப்பிடாதி கண்ணாடியில் அக்காவைப் பார்த்துச் சிரித்துச் சிரித்து ஓட்டினான். வீட்டுக்கு வந்து டிவி போட்டால் ரிமோட்டைக் காணோம். தேடுவதற்குள் சின்னச் சத்தமாகிவிட்டது. நல்ல நாளில் அதையெல்லாம் எழுத வேண்டாம்.

செப்டம்பர் 20, சனி

குற்றாலம் இரண்டு நடை. அருவியில் நல்ல தண்ணீர். எண்ணெய் தேய்த்துக் குளித்தவர்கள் உட்கார்ந்து சீட்டெல்லாம் நல்லெண்ணெய்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. காலையிலேயே பழைய ஆயிலை இறக்கிவிட்டோம். பில்டருக்கு இது முதல் கழுவல். முப்பிடாதி பொரி, பூசணிக்காய், வாழைக்கன்று வாங்கச் சந்தைக்குப் போய்விட்டான். வேனைக் கழுவுவதற்குள் எனக்கு இடுப்பு போய்விட்டது.

புறவாசலில் செல்லக்கனி குத்துவிளக்கு, மணி, தட்டெல்லாம் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பில்டரைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"இதையும் சேத்து நல்லா விளக்கி வை. பளபளன்னு இருக்கணும். சாமி முன்னால வைக்கப் போறேன்."

"இதையா? எனக்கு என்னங்க தெரியும்? தம்பி வரட்டுமே."

"அவன் வந்து, அவன் எப்ப செய்து? சொன்னதச் செய்."

செய்தாள். சும்மா சொல்லக்கூடாது, பெட்டியிலிருந்து எடுத்தபோதுகூட அப்படி மின்னவில்லை. ஸ்பேனர், ஜாக்கி, சுத்தியல் எல்லாவற்றுக்கும் நடுவில் வைத்து சந்தனம் குங்குமம் வைத்தேன். முப்பிடாதி வந்து பார்த்துவிட்டு, "அத்தான், மாட்டுததுக்கு முன்னால டீசல்ல ஒரு முக்கு முக்கிருதேன்" என்றான்.

"சாமி கும்பிட்டதப் போய் டீசல்ல முக்கவா? நாளைக்கி நானே மாட்டுவேன். நீ கை வைக்காத."

அக்டோபர் 2, வியாழன்

விஜயதசமி. சந்தனக் குங்குமப் பொட்டைத் துண்டால் துடைத்துவிட்டு நானே பில்டரை மாட்டினேன், புது ஆயில் ஊற்றினேன். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து வண்டியை எடுத்தோம். சத்தமே இல்லை, பூனை மாதிரி ஓடுகிறது.

அக்டோபர் 11, சனி

சோற்றில் கை வைத்தேன், போன் வந்தது. முப்பிடாதி. புனலூருக்கு வளைகாப்புக்குப் போகிற கூட்டத்தை ஏற்றிக்கொண்டு காலையில் போனவன்.

"அத்தான், ஆரியங்காவு தாண்டி ஆயில் லைட் மினுங்குச்சு. உடனே ஓரங்கட்டி ஆப் பண்ணுனேன். பொறவு ஸ்டார்ட் பண்ணிப் பாத்தா உள்ள டக்டக்குன்னு இடிக்கி. இப்ப சுத்தவே மாட்டேங்கு."

"ஆயில் இருந்துச்சா?"

"அளவா இருக்கு."

"பில்டரப் பாத்தியா?"

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். பிறகு சொன்னான், "பில்டர்ல ஒண்ணுமில்ல அத்தான்."

வளையலும் ஏழுவகைச் சோறுமாக நடுரோட்டில் நின்ற கூட்டத்துக்கு வேறு வண்டி பிடித்து அனுப்பினேன். அவர்கள் பேசிய பேச்சை எழுத மாட்டேன். வேனைக் கட்டி இழுத்து வருகிறார்கள். கார்த்திகை பிறக்கப் போகிறது, சபரிமலைக்கு ஐந்து குருசாமிகள் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

அக்டோபர் 13, திங்கள்

இஞ்சின் இறுகிப் பிடித்துவிட்டது. முழுக்கப் பிரித்தாக வேண்டும் என்கிறார் மைதீன் பாய். அதைவிடப் பெரிய விஷயம், பில்டர் போல்ட்டில் புது ஸ்பேனர் கீறல்.

"இத வழியில கழத்தி மாட்டியிருக்காவ அண்ணாச்சி" என்றார். வெளியே எடுத்தால் பில்டர் சுத்தமாக இருக்கிறது, டீசல் வாடை அடிக்கிறது.

நடுரோட்டில், வளைகாப்புக் கூட்டத்தை நிற்க வைத்துக்கொண்டு, பில்டரைக் கழற்றிக் கழுவுகிறவன் எதையோ மறைக்கிறான் என்பதற்கு எனக்கு ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை. ஆயில் இல்லாமல் ஓட்டியிருப்பான். வண்டி நின்ற பிறகு வாங்கி ஊற்றியிருப்பான்.

"எதுக்குல கழத்துன?" என்றேன். தலையைக் குனிந்துகொண்டு நின்றான். தப்புச் செய்யாதவன் வாயைத் திறப்பானா மாட்டானா? இரண்டு தடவை கேட்டேன், மூன்று தடவை கேட்டேன், கல்லுப்பிள்ளையார் மாதிரி நிற்கிறான். அந்தக் கோபத்தில் ரெண்டு வார்த்தை பேசினேன். யாராக இருந்தாலும் பேசியிருப்பார்கள். பட்டறையில் நாலைந்து பேர் இருந்தார்கள். சுரண்டை லாரிக்காரன் ஒருத்தன் ஸ்பிரிங் பட்டை மாற்ற வந்தவன், வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

அக்டோபர் 14, செவ்வாய்

முப்பிடாதி மாடி அறையைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டான். அக்காவிடம் மட்டும் சொல்லிக்கொண்டான். எங்கே என்று கேட்டேன், தெரியாது என்கிறாள்.

போகட்டும். ஓட்டுகிறவனுக்குப் பஞ்சமா?

அக்டோபர் 18, சனி

மைதீன் பாய் இஞ்சினைப் பிரித்துவிட்டார். பேரிங்கெல்லாம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி சுரண்டிப் போயிருக்கிறது. ஆயில் போகிற துவாரத்தில் விரலை விட்டு எடுத்து என் உள்ளங்கையில் தடவினார். நறநறவென்று சிவப்பாக ஒட்டியது.

"ஆயில் இல்லாம ஓடுனதில்ல அண்ணாச்சி இது. ஆயிலோட பொடி போயிருக்கு. செங்கப்பொடி கணக்கா இருக்கு. உங்க ஊட்டு ஆள் மேல குத்தமில்ல."

ரோடு அகலப்படுத்துகிற வேலை செங்கோட்டை வரைக்கும் நடக்கிறது. செம்மண் புழுதி. வேறெங்கிருந்து வரும்? அதைத்தான் அவரிடம் சொன்னேன். அவர், "புழுதி எப்படி அண்ணாச்சி உள்ள போவும்?" என்றுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

இரவு சாப்பிடும்போது இதைச் செல்லக்கனியிடம் சொன்னேன். ரசம் ஊற்றிக்கொண்டிருந்தவள் கரண்டியைப் பாத்திரத்திலேயே விட்டுவிட்டாள்.

"செங்கப்பொடி கணக்கா இருக்குன்னா சொன்னாவ?"

"ஆமா. செம்மண்ணுதான். அவருக்கு என்ன தெரியும்?"

அதற்குப் பிறகு அவள் சாப்பிடவில்லை. தலைவலி என்றாள்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. முப்பிடாதி வரவில்லை. அவனுக்கு எடுத்த சட்டை பீரோவிலேயே இருக்கிறது. அடுத்த வீட்டுப் பிள்ளைகள் வெடித்ததை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் எண்ணெய் தேய்த்துக் குளித்தேன், அவள் சும்மா குளித்தாள்.

அக்டோபர் 26, ஞாயிறு

சங்கரபாண்டியன் போன் செய்தார். நிச்சயம் வேண்டாமாம். எதற்கு அண்ணாச்சி என்று கேட்டேன். "எதுக்குன்னு ஒமக்குத் தெரியாதா?" என்று வைத்துவிட்டார். திரும்பத் திரும்பப் போட்டேன், எடுக்கவில்லை.

செல்லக்கனியிடம் சொன்னேன். சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அக்டோபர் 27, திங்கள்

எழுத ஒன்றுமில்லை.

அக்டோபர் 28, செவ்வாய்

எழுதித்தான் ஆக வேண்டும்.

நேற்று காலை காப்பி கொடுத்துவிட்டு அங்கேயே நின்றாள். "என்னங்க, அந்த வடிகட்டிய நான் செங்கப்பொடி போட்டுத்தான் தேச்சேன். புளி, செங்கப்பொடி, தேங்காநாரு. விளக்கு தேக்க மாதிரியே. சல்லடைக்குள்ள விரல விட்டும் தேச்சேன். என் தம்பி மேல ஒண்ணுமில்ல. நான்தான்."

"ஒன்னக் கழுவத்தானச் சொன்னேன்? செங்கப்பொடி போட்டுத் தேய்க்கவா சொன்னேன்?"

"கழுவுன்னு சொல்லல. விளக்கி வைன்னு சொன்னிய. பளபளன்னு இருக்கணும்னிய."

"கழுவுன்னுதான் சொன்னேன்."

"சரிங்க" என்றாள்.

காப்பித் தம்ளர் சுவரில் பட்டுவிட்டது. கறை போகவில்லை. எதிர்வீட்டு அம்மா வாசலில் வந்து நின்று பார்த்துவிட்டு உள்ளே போனார்கள்.

அக்டோபர் 31, வெள்ளி

தூக்கமில்லை. பட்டறையில் பேசிய அந்த ரெண்டு வார்த்தையை எழுதிவிடுகிறேன், எழுதினாலாவது நெஞ்சைவிட்டு இறங்குகிறதா பார்ப்போம். "குடிச்சிட்டு ஓட்டியிருக்க. குடிகாரப் பய. எங்க வீட்டுச் சோத்தத் தின்னுட்டு என் வண்டிய எரிச்சுட்ட." இவ்வளவுதான். சுரண்டைக்கு இதுதான் போயிருக்கிறது. டீயே இரண்டாவது தம்ளர் கேட்காதவனை நான் அப்படிச் சொன்னேன். சொல்லும்போதே பொய் என்று எனக்குத் தெரியும். வாயில் வந்தது, சொன்னேன். பாவி, நான் பாவி.

நவம்பர் 2, ஞாயிறு

பஸ்ஸில் சுரண்டைக்குப் போனேன். சங்கரபாண்டியன் கடையில் மூட்டை எண்ணிக்கொண்டிருந்தார். உட்காரும் என்று சொல்லவில்லை, நானே உட்கார்ந்தேன். நடந்தது எல்லாவற்றையும் சொன்னேன். பில்டர், செங்கப்பொடி, எல்லாம். அவன் குடிக்கிறவன் இல்லை, நான் கோபத்தில் உளறியது என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"வேற எவன் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்வே. அவன் நல்லவன்னு சொன்னதும் நீருதான். குடிகாரன்னு சொன்னதும் நீருதான். இப்ப இல்லங்குறதும் நீருதான். இதுல எந்த நீர நான் நம்ப? நீரே சொல்லும்."

எழுந்துகொண்டேன்.

"பாவூர்சத்திரத்துல வேற எடம் பேசி முடிச்சாச்சி" என்றார். "பொண்ணுக்கு மனசே இல்ல. அழுதா. என்ன செய்ய?"

வெளியே வரும்போது அந்தப் பெண் எங்கேயோ போய்விட்டு வந்து ஸ்கூட்டியை நிறுத்திக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே நின்றாள். "அவிய நல்லாருக்காவளா?" என்று கேட்டாள். நல்லாருக்கான்மா என்றேன். அவன் எந்த ஊரில் இருக்கிறான் என்றே எனக்குத் தெரியாது.

நவம்பர் 5, புதன்

ராஜபாளையத்திலிருந்து ஒரு வேன்காரர் போன் செய்தார். "அண்ணாச்சி, நீங்க அந்தக் கழுவுத பில்டர் போட்டிருக்கியளாமே, வாங்கலாமா?"

முன்பென்றால் அரை மணி நேரம் பிரசங்கம் செய்திருப்பேன். "பில்டர் நல்ல பில்டர்தான்" என்றேன். "முறையாக் கழுவுனா ஒழைக்கும். மொத ரெண்டு தரம் முறையாக் கழுவுவீரு. பொறவு அவசரம் வரும், இல்லன்னா ஆள் இருக்காது, யார்ட்டயாவது குடுப்பீரு. அன்னைக்கி அதுக்குள்ள என்ன தங்கியிருக்குன்னு ஒமக்குத் தெரியாது. தாள் பில்டர்னா அந்தப் பேச்சே இல்ல. தாளையே வாங்கும்."

"உங்களுக்கு இப்ப என்ன பில்டர் ஓடுது?"

"வண்டியே ஓடல" என்றேன்.

குருசாமிகள் ஐந்து பேரும் வேறு வண்டி பேசிவிட்டார்கள். அதைக் கேட்டபோது எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

முப்பிடாதி செங்கோட்டையில் இருப்பதாக மைதீன் பாய்தான் விசாரித்துச் சொன்னார். ஒரு மரக்கடையில் லோடு ஆட்டோ ஓட்டுகிறான். போனேன். பலகை இறக்கிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வாங்கத்தான்" என்றான். ஒன்றுமே நடக்காத மாதிரி. பக்கத்து டீக்கடைக்குக் கூட்டிப்போய் டீ வாங்கிக் கொடுத்தான்.

ஊரிலிருந்து வரும்போதே பேச வேண்டியதை மனப்பாடம் செய்து வந்திருந்தேன். ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை. "மாப்ள, இஞ்சினுக்குள்ள செங்கப்பொடி. ஒங்க அக்கா விளக்கும்போது போனது. விளக்கச் சொன்னது நான்தான். டீசல்ல முக்குதேன்னு நீ சொன்னப்ப விடாததும் நான்தான். எனக்கு இப்பத்தான் தெரியும்" என்றேன்.

"எனக்கு அன்னைக்கே தெரியும் அத்தான்."

டீயைக் கீழே வைத்துவிட்டேன்.

"ஆரியங்காவுல கழத்திப் பாத்தேன். உள்ள செவசெவன்னு அப்பியிருந்துச்சு. தேங்காநாரு ஒண்ணும் சுத்திக் கெடந்துச்சு. அக்கா கை வேலைன்னு பாத்ததும் தெரிஞ்சு போச்சு. கேன்ல இருந்த டீசல்ல அலசி மாட்டிட்டேன்."

"ஏம்ல? அத எங்கிட்டக் காட்டியிருந்தா எல்லாம் முடிஞ்சிருக்குமே. பட்டறையில வச்சு அம்புட்டுத் தரம் கேட்டேனே, ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?"

அவன் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "சொல்லியிருந்தா சாயந்தரம் நீங்க வீட்டுக்குத்தான போவிய. அங்க அக்கா தனியால்லா இருப்பா. எனக்குன்னா ரெண்டு ஏச்சு, அதோட போயிரும்னு நெனச்சேன்."

"நான் ஒங்க அக்காவ ஒரு நாளாவது அடிச்சிருக்கேனால? சொல்லு."

"அடிக்கல அத்தான்" என்றான். மறுபடியும், "அடிக்கல" என்றான். பிறகு, "வேன் தெருவுக்குள்ள திரும்புத சத்தம் கேட்டாலே அக்கா டிவியக் கொறச்சிருவா. யார்ட்டயாவது போன் பேசிட்டிருந்தாலும் வச்சிருவா. நீங்க எப்பிடி வாரியளோன்னு மூஞ்சியப் பாத்துட்டுத்தான் பேச ஆரம்பிப்பா. மாடியில இருக்கவனுக்கு எல்லாம் கேக்கும் அத்தான். நான் ஏன் வேற எங்கயும் வேலைக்குப் போகாம இங்கயே கெடந்தேன்னு நெனச்சிய?" என்றான்.

டீக்கடைக்காரர் ரேடியோவில் ஓடிய பாட்டை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்தார்.

இந்துமதியைப் பார்த்ததைச் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டான். "அது எனக்கு ஒரு தரம் போன் பண்ணுச்சு. குடிச்சியளான்னு கேட்டுச்சு. இல்லன்னேன். நம்புதேன், அப்ப வண்டி எப்படிக் கெட்டுச்சு, அப்பாட்ட நான் என்ன சொல்லன்னு கேட்டுச்சு." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "அக்கா பேர எப்பிடிச் சொல்ல? சொன்னா சுத்திக்கிட்டு உங்க காதுக்குத்தான வரும். சும்மா இருந்துட்டேன். அது கொஞ்ச நேரம் பாத்துட்டு வச்சிருச்சு."

வீட்டுக்கு வாடா மாப்ள என்றேன். அழுதுவிட்டேன், டீக்கடை என்றும் பார்க்கவில்லை. அவன் என் தோளைப் பிடித்துக்கொண்டான். வரவில்லை. "அக்கா சாப்பிடுதாளா? நான் கேட்டேன்னு சொல்லுங்க" என்று மட்டும் சொன்னான். பஸ் ஏற்றிவிட்டு, டிக்கெட்டையும் அவனே எடுத்தான்.

நவம்பர் 10, திங்கள்

நேற்று வீடு வந்து சேர்ந்ததை எழுதவில்லை.

வேன் பட்டறையில் கிடப்பதால் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்துதான் வந்தேன். அதனால் நான் வருகிற சத்தம் அவளுக்குக் கேட்கவில்லை. வாசலுக்கு வரும்போது உள்ளே டிவி சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. ஏதோ நகைச்சுவைக் காட்சி. செல்லக்கனி சிரித்துக்கொண்டிருந்தாள். வாய்விட்டு, மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். தம்பி போன கவலையிலும் மனுஷிக்கு ஒரு நிமிஷம் சிரிப்பு வந்திருக்கிறது. இவள் இப்படிச் சிரிப்பாள் என்றே எனக்குத் தெரியாது. செருப்பைக்கூடக் கழற்றாமல் அங்கேயே நின்று கேட்டேன்.

எவ்வளவு நேரம்தான் சொந்த வீட்டு வாசலில் திருடன் மாதிரி நிற்பது? அவள் தம்பி விசாரித்தான் என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு நல்ல சேதிதான் என் கையில் இருந்தது. இருக்கிற அன்பையெல்லாம் குரலில் கொண்டுவந்து, "செல்லக்கனி" என்று கூப்பிட்டேன்.

சிரிப்பு நின்றது. டிவி நின்றது. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே ஓடி வந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"என்னங்க, நான் என்ன செஞ்சேன்?" என்றாள்.